டிரெய்லர்ல பார்த்த கேம் எங்க போச்சு?

ஒரு பெரிய கேம் ரிலீஸ் ஆகி சொதப்புனா ரெண்டாவது நாளே ஒரு பேச்சு கிளம்பிடும், "கேம் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் ஓவரா எதிர்பார்த்துட்டீங்க" அப்படின்னு. இந்தப் பேச்சை என்னால ஏத்துக்கவே முடியல. எதிர்பார்ப்பு என்ன ஆடுறவங்க மண்டையில தானா முளைக்குதா? வருஷக்கணக்கா காசு செலவு பண்ணி, மேடை போட்டு, டிரெய்லர் வெட்டி, பெரிய நடிகரைக் கூட்டிட்டு வந்து அதை உருவாக்குறாங்க, அப்படி உருவாக்குற நேரத்துல அந்த கேம்னு ஒண்ணு பெரும்பாலும் இருக்கறதே இல்ல. ரிலீஸ் அன்னிக்கு நாம பார்க்கிற தோல்வி அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி டெமோ காட்டுன அன்னிக்கே முடிவாகிப் போன ஒண்ணுன்னுதான் நான் நினைக்கிறேன், அது எப்படின்னு கொஞ்சம் விளக்கமா பார்க்கலாம்.

சினிமா டிரெய்லர்னா ஏற்கனவே ஷூட் பண்ண சீன்ல இருந்து வெட்டி ஒட்டுறது. படம் மோசமா இருந்தாலும் அந்த சீன்னு ஒண்ணு எடுத்து வச்சிருப்பாங்க. கேம்ல கதையே வேற. சண்டை, ஏஐ, உலகம், கதை, நெட்வொர்க் எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒழுங்கா ஓடுறது கடைசி சில மாசத்துலதான், அதுவரைக்கும் ஸ்டூடியோவுல இருக்கறது தனித்தனியா பாதி பாதியா ஓடுற துண்டுகள். ஆனா காசு போட்டு கேமை வெளியிடற பப்ளிஷருக்கு ரொம்ப முன்னாடியே காட்டுறதுக்கு ஏதாவது வேணும். அதுக்காக 'வெர்டிகல் ஸ்லைஸ்'னு ஒண்ணு செய்வாங்க, அதாவது முழு கேமும் முடிஞ்சா இப்படி இருக்கும்னு காட்ட ஒரு பத்து இருபது நிமிஷத்தை மட்டும் எடுத்து இழைச்சு இழைச்சு முடிக்கிறது. எதிரி எந்தப் பக்கம் இருந்து வருவான், எந்தக் கதவு எப்ப வெடிக்கும், பக்கத்துல நடந்து போறவன் என்ன பேசுவான்னு பல தடவை முன்கூட்டியே எழுதி வச்சிருப்பாங்க. ஆடிக் காட்டுறவர் கையில கண்ட்ரோலர் இருக்கும்தான், ஆனா ஒத்திகை பார்த்த பாதையை விட்டு விலகிப் போனா அங்க ஒண்ணுமே கட்டியிருக்க மாட்டாங்க. ஸ்டூடியோவுக்குள்ள இது நியாயமான கருவிதான், எதை நோக்கிப் போறோம்னு டீமுக்குத் தெரியணும்ல. அதையே வெளிய மேடையில காட்டும்போது "இப்படி பண்ணலாம்னு நினைக்கிறோம்"ங்கிறது "இதுதான் கேம்"னு மாறிடுது, வினை அங்கதான் ஆரம்பிக்குது.

கேம் கம்பெனிங்க புது கேமை எல்லாம் காட்டுன இ3-ங்கிற பெரிய கண்காட்சியில, 2005-ல சோனி மேடையில காட்டுன கில்ஸோன் 2 வீடியோ இதுக்கு பழைய உதாரணம். பார்த்தவங்க எல்லாம் நிஜமா ஆடும்போது எடுத்த கேம்ப்ளேன்னு நம்புனாங்க, அப்புறம்தான் தெரிஞ்சது அது முன்னாடியே கம்ப்யூட்டர்ல ரெண்டர் பண்ணி வச்ச அனிமேஷன் வீடியோ, இந்த லெவலுக்கு வரணும்னு ஸ்டூடியோ வச்சிருந்த இலக்குன்னு. அதைச் செஞ்ச கெரில்லா டீம் 2009-ல கேமை வெளியிட்டப்ப அந்த வீடியோவுக்கு நல்லாவே கிட்டத்துல வந்துட்டாங்க, அதைப் பாராட்டத்தான் வேணும், ஆனா தன் கேமோட டிரெய்லரைத் துரத்தியே ஒரு டீம் நாலு வருஷம் ஓட வேண்டியிருந்துச்சு. எல்லாரும் அப்படி எட்டிப் பிடிக்கல. யூபிசாஃப்ட் 2012-ல காட்டுன வாட்ச் டாக்ஸ், மழை, வெளிச்சம், காத்துல பறக்குற கோட்டுன்னு வாயடைக்க வச்சது, 2014 மே மாசம் கைக்கு வந்த கேம் அதைவிட மங்கலா இருந்துச்சு. இதுல கடுப்பு என்னன்னா பிசி வெர்ஷன் ஃபைல்களுக்குள்ள அந்த பழைய எஃபெக்ட்ஸ் சிலது ஆஃப் பண்ணி வச்சபடியே கிடந்ததை மாடர்கள், அதாவது கேம் ஃபைலை நோண்டி மாத்திப் பார்க்கற ரசிகர்கள், தோண்டி எடுத்தாங்க.

2013-ல வந்த ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் இன்னும் மோசம். டெமோவுல ஏலியன் சுவர்ல ஏறி, இருட்டுல பதுங்கி, பின்னாடி வந்து அடிக்கும். ரிலீஸ் ஆன கேம்ல அதே ஏலியன் நேரா ஓடி வந்து துப்பாக்கி முன்னாடி நிக்கும், சில நேரம் வழி தெரியாம சுத்திட்டு இருக்கும். பிரிட்டன் விளம்பர கண்காணிப்பு அமைப்பு வரைக்கும் புகார் போய், டிரெய்லர்ல காட்டுனது கடைசி கேமைக் காட்டலன்னு அதை வெளியிட்ட செகா கம்பெனி ஒத்துக்க வேண்டியதாச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு மாடர் கேமோட செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரியைக் கண்டுபிடிச்சார். ஏலியன் எந்த இடத்தோட தன்னைக் கட்டிக்கணும், எங்க சுத்தி வளைக்கணும்னு ஏஐக்கு சொல்ற கட்டளையில 'டெதர்'ங்கிற சொல்லுக்கு ஸ்பெல்லிங்ல ஒரே ஒரு எழுத்து கூடுதலா இருந்துச்சு. அந்த ஒரு எழுத்தை நோட்பேட்ல திறந்து அழிச்சா ஏலியன் நடந்துக்கற விதமே கண்ணுக்குத் தெரியற மாதிரி மாறுது. அதனால கேம் திடீர்னு நல்ல கேம் ஆயிடும்னு சொல்ல வரல, கிராபிக்ஸ், கதை எல்லாத்துலயும் வேற ஓட்டைகள் நிறைய. ஆனா கடைசி கட்டத்துல யாராவது உட்கார்ந்து நிதானமா இந்த ஏலியன் ஏன் இப்படி முட்டாத்தனமா ஓடுதுன்னு பார்க்க ஒரு வாரம் கிடைச்சிருந்தா இது மாட்டியிருக்கும்னு எனக்குத் தோணுது. டெமோவை இழைக்க நேரம் கிடைச்சது, கேமுக்கு கிடைக்கல.

ஆந்தம் கதைதான் என்னை ரொம்ப பாதிச்சது. மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் பண்ண பயோவேர் ஸ்டூடியோ, 2017 இ3-ல காட்டுனப்ப இரும்புச் சட்டை மாதிரி ஒரு சூட் போட்டுக்கிட்டு ஒருத்தன் மலை விளிம்புல இருந்து குதிச்சு காட்டுக்குள்ள பறந்து தண்ணிக்குள்ள பாயறான், பார்த்தவங்க எல்லாரும் மயங்கிட்டாங்க. 2019 பிப்ரவரி 22 ரிலீஸ் ஆச்சு, ரிவ்யூவுல எல்லாம் அடிவாங்குச்சு. அந்த ஏப்ரல்ல கொட்டாக்குங்கிற கேம் செய்தி சைட்டுல ஜேசன் ஷ்ரையர்ங்கிற பத்திரிகையாளர் எழுதுன நீளமான ரிப்போர்ட்ல உள்ள நடந்தது வெளிய வந்துச்சு. கிட்டத்தட்ட ஏழு வருஷமா வேலை நடந்திருக்கு, ஆனா கேம் என்னன்னு முடிவு பண்றதுலயே அதுல பெரும்பகுதி போயிருக்கு, உண்மையான தயாரிப்பு கடைசி ஒண்ணரை வருஷத்துக்குள்ளதான். பறக்கறது இருக்கணுமா வேணாமான்னு பல தடவை சேர்த்து எடுத்து, எடுத்து சேர்த்து, கடைசியில பயோவேருக்குச் சொந்தக்காரங்களான இஏ கம்பெனியோட பெரிய அதிகாரி பேட்ரிக் சோடர்லண்ட் பார்க்க வர்றார், முதல்ல காட்டுன டெமோ அவருக்குப் பிடிக்கலங்கிறதால மறுபடியும் பறக்கறதைச் சேர்த்து அவர்கிட்ட காட்டுறாங்க, அவருக்குப் பிடிச்சுப் போகுது, அப்படித்தான் அந்த கேமோட உயிரே முடிவாச்சு. பேரு கூட கடைசி வரைக்கும் 'பியாண்ட்', அந்தப் பேரு போட்டு ஸ்டாஃபுக்கு டீ-ஷர்ட் எல்லாம் அடிச்சாச்சு, ட்ரேட்மார்க் சிக்கல்னு சொல்லி இ3-க்கு சில நாள் முன்னாடி 'ஆந்தம்'னு மாத்துனாங்க.

இதுல எனக்கு மறக்காத விஷயம், கேமுல வேலை பார்த்தவங்களே பலர் அந்த 2017 டெமோவைப் பார்த்துத்தான் "ஓ, நாம பண்றது இந்த கேமா"ன்னு புரிஞ்சுக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் டெமோதான் பிளான். அதுல காட்டுனதை எப்படியாவது கட்டணும், ஆனா கையில இருக்கற ஃப்ராஸ்ட்பைட் என்ஜின், அதாவது கேமைக் கட்ட உதவுற அடிப்படை சாஃப்ட்வேர், டைஸ் ஸ்டூடியோ சுடுற கேமுக்காக செஞ்சது, கதாபாத்திரத்தை வளர்த்துக்கிட்டே போற ஆர்பிஜி வகை கேமுக்குத் தேவையான பல விஷயம் அதுல கிடையாது, ஒவ்வொண்ணையும் கையால எழுதணும். "கடைசியில எப்படியும் சேர்ந்துடும், அதான் பயோவேர் மேஜிக்"னு ஒரு நம்பிக்கை ஸ்டூடியோவுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சாம். முந்தின கேம்கள்ல அந்த மேஜிக்னு அவங்க சொன்னது உண்மையில ஆளுங்க தூக்கமில்லாம உழைச்ச உழைப்புதான். இந்த தடவை அதுவும் பத்தல, நிறைய பேர் உடம்பும் மனசும் கெட்டு லீவுல போனாங்க, வேலையை விட்டாங்க. ஹைப்போட விலையை முதல்ல குடுக்கறது காசு குடுத்து வாங்குறவன் இல்ல, ஸ்டூடியோவுல உட்கார்ந்திருக்கறவங்கதான்.

விண்வெளியில கிரகம் கிரகமா சுத்திப் பார்க்கற நோ மேன்ஸ் ஸ்கை வேற மாதிரி. அது பெரிய பப்ளிஷர் மேடை போட்டு ஊதுன பொய்னு சொல்ல முடியாது, இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டுல ஹலோ கேம்ஸ்னு ஒரு சின்ன டீம், ரிலீஸ் நேரத்துல கூட சுமார் 15 பேர்தான். 2013 டிசம்பர்ல ஒரு விருது நிகழ்ச்சியில முதல் டிரெய்லர் வந்துச்சு, அடுத்த வருஷமே சோனி அதைத் தன் இ3 மேடைக்கு ஏத்திடுச்சு. 18 குவின்டில்லியன் கிரகம்னு சொன்னாங்க, அதாவது 18-க்குப் பின்னாடி 18 சைபர். ஒரு கிரகத்துக்கு ஒரு நொடி செலவு பண்ணாலும் எல்லாத்தையும் பார்க்க 58,500 கோடி வருஷம் ஆகும். இந்த எண் பொய்யே இல்ல, ஆனா அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அதோட மயக்கம் தெளிஞ்சிடும். 64 பிட் எண், அதாவது 64 இடத்துல 0 இல்லன்னா 1 போட்டு எழுதுற எண் ஒண்ணை ஃபார்முலாவுக்குள்ள போட்டா ஒரு கிரகம் வெளிய வரும், அதே எண்ணைப் போட்டா எப்பவும் அதே கிரகம்தான், அதனால எதையும் சேமிச்சு வைக்க வேண்டியதில்ல. 64 பிட்ல எத்தனை எண் எழுத முடியுமோ அத்தனை கிரகம், அவ்வளவுதான் கணக்கு. ஆனா அந்த ஃபார்முலா கலைச்சுப் போடுற சரக்கு, மிருகத்தோட காலு, தலை, செடி, பாறை, கட்டடம், இதெல்லாம் ஒரு சின்ன டீம் கையால செஞ்சது. ஏழெட்டு கிரகம் இறங்குனதும் அடுத்தது எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடுது. எண்ணிக்கை எவ்வளவு பெருசா இருந்தாலும் புதுமை கையால செஞ்ச சரக்கு அளவுக்குத்தான் இருக்கும், இதை ரிலீஸுக்கு முன்னாடி யாரும் உரக்கச் சொல்லல.

அதைவிட காயப்படுத்துனது மல்டிபிளேயர், அதாவது பல பேர் ஒரே உலகத்துல சேர்ந்து ஆடுற விஷயம். 2015 அக்டோபர்ல அமெரிக்க டிவியில ஸ்டீபன் கோல்பேர் ஷோவுல ஹலோ கேம்ஸ் தலைவர் ஷான் மர்ரே உட்கார்ந்திருந்தப்ப, நாம எப்படி இருக்கோம்னு தெரிஞ்சுக்க வேற ஒருத்தர் நம்மளைப் பார்த்தாத்தான் முடியும்னு சொன்னார். வேற பேட்டிகள்லயும் உலகம் அவ்வளவு பெருசு, சந்திக்கறது ரொம்ப அபூர்வம், ஆனா முடியும்ங்கிற மாதிரிதான் பதில். 2016 ஆகஸ்ட் 9 கேம் வந்துச்சு. முதல் நாளே ரெண்டு பேர் ஒரே கிரகத்தைக் கண்டுபிடிச்சு, லைவ்ல ஸ்ட்ரீம் பண்ணிக்கிட்டே ஒரே இடத்துக்கு வந்து நின்னாங்க, இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியல. அத்தனை குவின்டில்லியன்ல சந்திக்கவே முடியாதுன்னு நம்பி தள்ளிப் போட்ட கேள்விக்கு முதல் நாளே விடை கிடைச்சிடுச்சு. இது மல்டிபிளேயர் கேம் இல்லன்னு ரிலீஸுக்கு முந்தின நாள் அவர் ட்வீட் பண்ணியிருந்தார், அந்த நேரத்துக்கு 60 டாலர் கட்டி புக் பண்ணவங்க ஏற்கனவே புக் பண்ணியாச்சே.

அவர் வேணும்னே பொய் சொன்னார்னு நான் நினைக்கல. ஆசைப்பட்டு செய்ய நினைச்சதையும் செஞ்சு முடிச்சதையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாத ஒரு டெவலப்பர், எதிர்ல கேமரா, பக்கத்துல கோடிக்கணக்குல விளம்பரம் பண்ற சோனி, அப்புறம் "இது இருக்கா, அது இருக்கா"ன்னு விடாம கேக்கற பேட்டி எடுக்கறவங்க. பீட்டர் மாலினோங்கிற டிசைனரும் தன்னோட ஃபேபிள் கேமுக்கு இதைத்தான் செஞ்சார், நீங்க ஒரு விதையைக் கீழ போட்டா வருஷங்கள் கழிச்சு அது மரமா நிக்கும்னு சொல்லி, அது இல்லாமயே 2004-ல கேம் வந்து, அப்புறம் ரசிகர்கள்கிட்ட மன்னிப்பு கேட்டார். "இல்ல, அது கேம்ல கிடையாது"ன்னு மேடையில சொல்ற துணிச்சல் இந்தத் துறையில யாருக்கும் பழக்கமே இல்ல, அதுக்கு சம்பளமும் யாரும் குடுக்கறதில்ல.

சைபர்பங்க் 2077-க்கு வருவோம், இங்க எல்லா நோயும் ஒண்ணா சேர்ந்து வந்துச்சு. சிடி ப்ராஜெக்ட் கம்பெனி இதை 2012-ல அறிவிச்சாங்க, அப்ப பிளேஸ்டேஷன் 4 கூட கடைக்கு வரல. முழு வேகத்துல வேலை தொடங்குனது 2016 கடைசியிலதான்னு ப்ளூம்பெர்க் ரிப்போர்ட் சொல்லுது. 2018-ல 48 நிமிஷ டெமோ, 2019 இ3 மேடையில கியானு ரீவ்ஸ் புகைக்கு நடுவுல நடந்து வர்றார், 2020 ஏப்ரல்னு தேதி. அப்புறம் செப்டம்பர், அப்புறம் நவம்பர், 'கோல்டு' ஆயிடுச்சு, அதாவது கேம் முடிஞ்சு வெளியிடத் தயார்னு அறிவிச்சதுக்கு அப்புறமும் டிசம்பர் 10-க்கு தள்ளுனாங்க. அந்த 2018 டெமோ கிட்டத்தட்ட முழுசாவே போலி, அதுல இருந்த பல சிஸ்டம் அப்ப எழுதவே படலன்னு உள்ள இருந்தவங்க அதே ப்ளூம்பெர்க்ல சொன்னாங்க. ரிலீஸுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி காட்டுற டெமோ கடைசி கேம் மாதிரி இருக்காது, அதுக்காக அதைப் போலின்னு சொல்லக்கூடாதுன்னு ஸ்டூடியோ தலைவர் ஆடம் படோவ்ஸ்கி பதில் குடுத்தார். அவர் சொல்றது தொழில் நடைமுறைப்படி உண்மைதான், அந்த நடைமுறையே தப்புன்னுதான் நான் சொல்றேன்.

பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன்ல இது ஓடுன லட்சணம் தெரிஞ்சதுதான். நெரிசலான நகரம் முழுக்க வேகமா கடந்து போகும்போது ஹார்ட் டிஸ்க்ல இருந்து தொடர்ந்து டேட்டா வந்துக்கிட்டே இருக்கணும், 2013-ல வந்த மெஷினோட டிஸ்க்கும் ப்ராசசரும் அதுக்கு ஈடு குடுக்கல, ரோட்டுல ஆளுங்க முகமில்லாம நின்னாங்க, கார் திடீர்னு முளைச்சது, கேம் பொசுக்குன்னு நின்னு போச்சு. ரிலீஸுக்கு முந்தின மாசம் முதலீட்டாளர் கூட்டத்துல பழைய கன்சோல்லயும் ஆச்சரியப்படுற அளவுக்கு நல்லா ஓடுதுன்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. ரிவ்யூ பண்றவங்களுக்கு ரிலீஸுக்கு முன்னாடி பிசி காப்பி மட்டும்தான், அதுலயும் அவங்க எடுத்த வீடியோவைப் போட முடியாது, கம்பெனி குடுத்த காட்சியைத்தான் காட்டணும். அதனால டிசம்பர் 10 வரைக்கும் சாதா பிளேஸ்டேஷன் 4-ல ஓடுற கேமை வெளி உலகத்துல கிட்டத்தட்ட யாரும் பார்க்கல, அதுக்குள்ள 80 லட்சம் பேர் ப்ரீ-ஆர்டர் பண்ணியாச்சு. அந்த டிஜிட்டல் முன்பதிவுல வர வேண்டிய பணமே உருவாக்குன செலவையும் அந்த வருஷ விளம்பரச் செலவையும் தாண்டிடுச்சுன்னு கம்பெனியே அறிவிச்சது. ஒரு வாரத்துல சோனி அதைத் தன் ஸ்டோர்ல இருந்தே தூக்கி, பணத்தைத் திருப்பிக் குடுத்துச்சு, 2021 ஜூன் வரைக்கும் திரும்ப வைக்கல.

இங்க ப்ரீ-ஆர்டரைப் பத்தி ஒரு வார்த்தை. பெட்டியில கேம் வித்த காலத்துல கடையில ஸ்டாக் தீர்ந்துடும், அதனால முன்னாடியே சொல்லி வைக்கிறதுல அர்த்தம் இருந்துச்சு. டவுன்லோடுக்கு ஸ்டாக் எப்படி தீரும்? இப்ப அது மிஞ்சி நிக்கிறது ஒரே காரணத்துக்காக, ரிவ்யூ வர்றதுக்கு முன்னாடி காசு கைக்கு வந்துடும். 2014-ல அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டிக்கு அமெரிக்காவுல கேம் விற்பனைக்கு வந்து 12 மணி நேரம் கழிச்சுத்தான் ரிவ்யூ போடவே அனுமதி குடுத்தாங்க, அதுக்குள்ள வாங்குனவங்க முகத்தோல் இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கற கேரக்டர்களைப் பார்த்துட்டாங்க. பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-ல இருந்து ரீஃபண்ட் தருது, 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடாம இருந்தா. நல்ல ஏற்பாடுதான், ஆனா இந்த மாதிரி கேம்கள்ல ரொம்ப இழைச்சு வச்சிருக்கற பகுதியே முதல் ரெண்டு மணி நேரம்தான், நோ மேன்ஸ் ஸ்கையில முதல் கிரகத்துல இருந்து மேல கிளம்பி விண்வெளிக்குப் போற அந்த நேரம் உண்மையிலேயே அற்புதம்.

அவசரம் ஒண்ணும் புதுசு இல்ல. 1982-ல அடாரி ஈ.டி. படத்தோட உரிமையை ஜூலை கடைசியில வாங்கிட்டு கிறிஸ்துமஸுக்கு கேம் வேணும்னு சொல்ல, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அஞ்சு வாரத்துல எழுதுனார், விக்காத கார்ட்ரிட்ஜை நியூ மெக்சிகோவுல அலமகோர்டோ குப்பைக் கிடங்குல புதைச்சாங்க, 2014-ல தோண்டி எடுத்தப்ப உண்மைன்னு உறுதியாச்சு. ட்யூக் நியூகெம் ஃபாரெவர் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், 1997-ல அறிவிச்சு 2011-ல வந்துச்சு, அவசரமே கிடையாது, அடுத்தவங்க கேம்ல என்ன புதுசா வந்தாலும் இதுலயும் வேணும்னு என்ஜினை மாத்தி மாத்தி வருஷம் ஓடுச்சு, கடைசியில வேற ஸ்டூடியோ வந்து முடிச்சு வச்சப்ப ரசனையே மாறிப் போயிருந்துச்சு. நேரம் அதிகம் குடுத்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்க இதையும் கணக்குல எடுத்துக்கணும். தி டே பிஃபோர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, ஸ்டீம்ல ஒரு காலத்துல ரொம்ப பேர் விஷ்லிஸ்ட்ல வச்சிருந்த கேம், 2023 டிசம்பர் 7 வந்துச்சு, நாலே நாள்ல ஸ்டூடியோ மூடுறதா அறிவிச்சது, 2024 ஜனவரியில சர்வர் ஆஃப்.

இப்ப எல்லாரும் திருப்பிச் சொல்ற ஒரு நல்ல கதை இருக்கு. ஹலோ கேம்ஸ் வாயை மூடிக்கிட்டு வேலை பார்த்தாங்க, 2018-ல நிஜமான மல்டிபிளேயர், அப்புறம் வருஷா வருஷம் அப்டேட், எல்லாமே இலவசம், 2024-ல ஸ்டீம் மொத்த ரிவ்யூ 'வெரி பாசிட்டிவ்' ஆயிடுச்சு. சைபர்பங்க் 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட்டோட ஃபேன்டம் லிபர்ட்டிங்கிற கூடுதல் கதை வந்ததும் முழுக்க நிமிர்ந்துடுச்சு. ரெண்டு டீமும் செஞ்சது பெரிய விஷயம், மனசாரச் சொல்றேன். ஆனா ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது என்ன, முதல் நாள்லயே அள்ளிக் குவிச்ச விற்பனை. அந்தக் காசுதான் வருஷக்கணக்கா ரிப்பேர் பண்ண சம்பளம் குடுத்துச்சு. ஆந்தமையும் திருத்தி எழுதுறோம்னு ஒரு சின்ன டீம் உட்கார்ந்துச்சு, 2021 பிப்ரவரியில அதை நிறுத்திட்டாங்க, 2026 ஜனவரி 12 சர்வரை மூடுறதா இஏ தேதி அறிவிச்சது. ஆன்லைன் இல்லாம ஓடாத கேம், அதனால அந்தத் தேதிக்கு அப்புறம் முழு விலை குடுத்து வாங்குனவங்களும் அந்த மலை விளிம்புல இருந்து குதிக்க முடியாது. பேட்ச் போட்டு சரி பண்ணிடுவாங்கங்கிறது வாக்குறுதி கிடையாது, அந்த காலாண்டு கணக்குல லாபம் வருமாங்கிறதைப் பொறுத்தது.

கொஞ்சம் மாற்றம் தெரியுதுதான். 2021-லயே சிடி ப்ராஜெக்ட் இனிமே விளம்பரத்தைச் சுருக்கிக்கறோம், ரிலீஸுக்கு கிட்டத்துலதான் காட்டுவோம்னு சொன்னாங்க. அவங்களோட அடுத்த பெரிய கேமான விட்சர் 4-க்கு 2024 டிசம்பர்ல டிரெய்லர் விட்டாச்சு, கேம் 2027-க்கு முன்னாடி வராதுன்னும் அவங்களே சொல்லியாச்சு, அப்ப கிட்டத்துலன்னா எவ்வளவு கிட்டத்துலன்னு கேக்கத்தான் தோணுது. 2025 ஜூன்ல காட்டுன அன்ரியல் என்ஜின் 5 வீடியோவை மட்டும் இது டெக் டெமோ, கேம் இல்லன்னு தெளிவா சொன்னாங்க, அதுவும் சாதா பிளேஸ்டேஷன் 5-ல ஓட்டிக் காட்டுனாங்க, 2020-ல மறைச்ச இடமே கன்சோல்தாங்கிறதால எனக்கு இது முக்கியமாப் பட்டுச்சு. இனி நான் பார்க்கப் போறது ஒரே விஷயம், ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது கன்சோல் காப்பியை ரிவ்யூ பண்றவங்க கையில குடுத்து அவங்க எடுத்த வீடியோவையே போட விடுறாங்களான்னு, அது நடக்கற வரைக்கும் ப்ரீ-ஆர்டர் பட்டன் பக்கம் நான் போகப் போறதில்ல.